தோட்டக் காவலுக்குக் காமிரா அமைக்கும் முறை

குச்சனூரைச் சுற்றியுள்ள வயல்களிலும் தென்னந்தோப்புகளிலும் கிணற்று மோட்டாரின் தாமிரக் கம்பியும், களத்து நெல்லும், இறக்கிப் போட்ட தேங்காயும் இரவில் காவலின்றிக் கிடக்குமாயின் நஷ்டம் யாருடையது என்பதை நிலமுடையோர் அறிவர். இதன் பொருட்டுப் பலர் காமிரா வாங்கி மாட்டுகின்றனர். களவு நிகழ்ந்தபின் பார்த்தாலோ, யாரோ ஒருவன் நடப்பது மாத்திரம் தெரிகிறதேயன்றி அவன் இன்னானென்பது தெரிவதில்லை. இக்குறை பெரும்பாலும் யந்திரத்தினுடையதன்று, அமைப்பினுடையது.

காமிராவின் படம் புள்ளிகளாலானது. சாதாரணக் காமிராவில் குறுக்கே 1920 புள்ளிகள் உண்டு. அறியாத ஒருவனுடைய முகத்தை ஐயமின்றி அடையாளங்காண மீட்டருக்கு 250 புள்ளிகள் வேண்டுமென்பது இத்தொழிலில் வழங்கும் அளவு. ஆகவே ஒரு காமிரா முகங்காட்டவல்ல அகலம் சுமார் 25 அடியே. அதனையே 100 அடி அகலத்துக்குத் திருப்பினால், ஆள் வந்தான் என்பதற்கு மேல் ஒன்றும் விளங்காது. ஆதலின் தோப்பு முழுதையும் காண ஆசைப்படாமல், வண்டிப்பாதை, வாய்க்கால் பாலம், மோட்டார் அறைக் கதவு முதலிய, கள்வன் கடந்தே தீரவேண்டிய இடங்களைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். 2024இல் கோயம்புத்தூரை அடுத்த மதுக்கரையில் யானைகளுக்காக வனத்துறையார் நிறுவிய 12 கோபுரங்களும் காடெங்கும் நிற்கவில்லை; இருப்புப்பாதையை ஒட்டியே நிற்கின்றன.

காமிராவை எட்டொன்பது அடி உயரத்தில் வைத்தல் நலம். இன்னும் உயர்த்தினால் தலைப்பாகை தெரியும், முகம் தெரியாது. கிழக்கு மேற்காக நோக்கினால் காலை மாலை வெயில் கண்ணாடியில் விழும். தென்னைமரத்தில் கட்டுவது அடியோடு கூடாது. ஆனி, ஆடியில் கம்பம் பள்ளத்தாக்கில் வீசும் மேல்காற்றில் மரம் ஆடினால் படமும் ஆடி, வீண் எச்சரிக்கை ஓயாது ஒலிக்கும். காங்கிரீட்டில் ஊன்றிய இரும்புக்கம்பமே தக்கது. இரவு விளக்கொளிக்குப் பூச்சி வர, பூச்சிக்குச் சிலந்தி வரும். வாரம் ஒருமுறை துடைக்கவேண்டும். கோயிலுக்குச் செல்லும் பாதையோரத்தார் சனிக்கிழமைக் கூட்டத்தையும் எண்ணிப் பார்த்துத் திசை வைப்பார்களாக. நீராடும் துறையை நோக்கி ஒருபோதும் வைக்கலாகாது. அது அநாகரிகம் மாத்திரமன்று, குற்றத்துக்கும் இடமாகலாம்.

பதிவுப்பெட்டியை மோட்டார் அறையிலேயே வைப்போர் உளர். கம்பியோடு பெட்டியும் போய்விட்டால் சாட்சி ஏது? அதை வீட்டிலோ, பூட்டிய வேறு அறையிலோ வைக்கவேண்டும். காமிரா ஒன்றுக்கு நொடிக்கு 2 மெகாபிட் வீதம் நான்கு காமிராக்கள் இடையறாது பதிந்தால், 1 டெராபைட் தட்டு சுமார் 11 நாளில் நிரம்பிப் பழையதன்மேல் புதியது பதியும். வெளியூரில் வசிக்கும் நிலமுடையோர் இதனைக் கருதிப் பெரிய தட்டு வாங்குக.

கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதீய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி, இத்தகைய பதிவின் நகலை நீதிமன்றத்தில் தாக்கல்செய்ய உரிய சான்றிதழ் அவசியம். களவு தெரிந்தவுடன் பெட்டியை நிறுத்தி, எதனையும் அழிக்காமல் போலீசாருக்கு அறிவிக்கும்படி குடிகளுக்குச் சொல்லவேண்டும். பெட்டியின் கடிகாரம் பத்து நிமிஷம் பிசகியிருந்தாலும் எதிர்வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார். மாதந்தோறும் அதனைச் சரிபார்த்து வருதல் வேண்டும்.