பக்கத்து ஊர்ப் பையனைப் பிடியுங்கள்

‘ஹூப்ஸ் டைனஸ்டி’ என்ற ஆன்லைன் கல்லூரிக் கூடைப்பந்து விளையாட்டில் புதிதாகக் கோச் ஆகியிருக்கிறேன். நான் குறிவைக்கும் பையன்களையெல்லாம் பெரிய டீம்கள் தூக்கிக்கொண்டு போகின்றன. என்ன செய்வது?
– வாசகர், மந்தாரக்குப்பம்

புதுக் கோச்சுக்குக் கிடைப்பது மூன்றாம் டிவிஷன் டீம். அதை மறந்துவிட்டு, எல்லோரும் மொய்க்கும் பையன் பின்னால் போனால் பட்ஜெட்தான் கரையும். உங்கள் கல்லூரிக்குப் பக்கத்து ஊர்க்காரர்களை முதலில் பாருங்கள். பையன் வீட்டுக்குப் போய்ப் பேசுவதற்கும், அவனைக் கேம்பஸுக்கு வரவழைப்பதற்கும் ஆகும் செலவு தூரத்தைப் பொறுத்தது. பக்கத்தில் என்றால் அதே காசில் இன்னும் இரண்டு தடவை போகலாம்.

ஆட்டத் திறனுக்கான இன்றைய மார்க்கை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மேல்மண்ணை எடுத்தால்தான் கரி என்று சுரங்கத்துப் பக்கம் இருக்கும் உங்களுக்கா சொல்ல வேண்டும்? வளர இன்னும் எவ்வளவு இடமிருக்கிறது, ‘வொர்க் எதிக்’ என்கிற உழைக்கும் குணம் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டும் நன்றாக இருப்பவன் மூன்றாம் வருடத்தில் ஆளே மாறிப்போவான்.

‘முதல் ஐவரில் இடம், இத்தனை நிமிடம் ஆட்டம்’ என்று வாக்குக் கொடுப்பதுதான் சின்ன டீமின் பெரிய ஆயுதம். ஆனால் அளந்து கொடுங்கள். இது தேர்தல் இல்லை; சொன்னதைச் செய்யாவிட்டால் பையன் டீமை விட்டே போய்விடலாம்.

டீமில் மொத்தம் இருப்பது 12 இடம். ஒரே சீசனில் ஆறு பேரை எடுத்தால், ஆறு பேரும் ஒன்றாகப் பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஓர் இடம் நிரம்பாமல் போனாலும் கவலை வேண்டாம், ஸ்காலர்ஷிப் இல்லாத ‘வாக்-ஆன்’ ஒருவன் வந்து உட்காருவான். உதவாத ஆளை நாலு சீசன் சுமப்பதற்கு அது எவ்வளவோ மேல்.