கூட்டினுள் உறங்கும் உயிர்

ஊறு, சுவை, நாற்றம், காட்சி என்னும் நான்கறிவும் உடையவை தும்பி முதலிய சிற்றுயிர்கள் எனச் சமண நூல்கள் வகுத்துரைக்கின்றன. அவ்வகையுள் அடங்கும் பேரரச அந்துப்பூச்சியின் வாழ்க்கையை இங்கு ஆராய்வோம். ஹெதர் எனும் குறுஞ்செடி படர்ந்த பிரிட்டனின் புதர்வெளிகளில் இது வாழ்கின்றது. இதன் நான்கு சிறகுகளிலும் மயிற்பீலியிற் போன்ற கண்வடிவங்கள் உள்ளன. மயிலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லையொட்டி, 1758-இல் லின்னேயஸ் இதற்குப் 'பவோனியா' எனப் பெயரிட்டார்.

இளவேனிலில் தாய்ப்பூச்சி ஹெதர்த் தண்டைச் சுற்றிக் கொத்தாக முட்டையிடுகின்றது. வெளிவரும் கரும்புழுக்கள் முதலில் கூட்டமாக வாழ்கின்றன. தோலுரித்து வளருங்கால் பசுமையுற்றுத் தனித்துப் பிரிகின்றன. கோடையின் இறுதியில் ஒவ்வொன்றும் பட்டிழையால் குடுவை வடிவக் கூடு சமைக்கின்றது. அதன் வாயில் விறைத்த இழைகள் வெளிநோக்கிக் குவிந்து நிற்கின்றன. உள்ளிருந்து தள்ளினால் வழிவிடும். வெளியிலிருந்து பகை நுழையவொட்டாது.

பனிக்காலம் முழுவதும் அவ்வுயிர் அக்கூட்டில் உறங்குகின்றது. சிலபோது இரண்டு பனிக்காலங்களும் கழிகின்றன. வெளிவந்த பூச்சி உணவு கொள்வதில்லை. புழுப்பருவத்தில் உண்டதே அதன் வாழ்நாள் முதல். பெண் ஓரிடத்தில் அமர்ந்து மணத்தைப் பரப்ப, ஆண் தன் இறகுபோன்ற உணர்கொம்புகளால் அதனை நெடுந்தொலைவிலேயே உணர்ந்து பகலில் பறந்து வருகின்றது. நான்கறிவினுள் மூன்றாவதாகிய முகர்வறிவின் ஆற்றலை இங்கே காண்கின்றோம்.

இங்கிலாந்தில் 1800-ஆம் ஆண்டளவில் இருந்த தாழ்நிலப் புதர்வெளியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே இன்று எஞ்சியுள்ளது. எஞ்சியதையும் கவனியாது விட்டால், பைன், பிர்ச் மரங்கள் மூடிவிடும். ஆகவே வெட்டியும் மேய்த்தும் எரித்தும் அதனைப் பேணுகின்றனர். பறவைகள் கூடுகட்டாத பனிக்காலமே எரிப்பதற்கு உரியதாகக் கொள்ளப்படுகின்றது. அந்தோ, அப்போதுதான் அந்துப்பூச்சி விலகியோட இயலாது கூட்டினுள் கிடக்கின்றது! பரப்பு முழுவதையும் ஒருசேர எரித்தால் மறுவேனிலுக்கு உயிர் எஞ்சாது. சிறு சிறு திட்டுகளாக, ஆண்டுதோறும் இடம் மாற்றிச் செய்தால் இழப்புக் குறைகின்றது. அண்டைத் திட்டிலிருந்து இனம் மீண்டும் பரவுகின்றது.

பழுப்பேறிய அக்கூடு காண்பார்க்கு வாடிய சருகாகவே தோன்றும். அசையாதது எல்லாம் உயிரற்றது அன்று. காக்கும் செயலிலும் தீங்கு கலந்திருக்கக்கூடும் என உணர்ந்து, அதனை இயன்றமட்டும் குறைப்பதே விழிப்புடைய அருளாகும் என்பதை நாம் அறிவோமாக.