தோட்ட லயத்துக்கு எந்த இணைய இணைப்பு?

2021 இல் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது, லுணுகலையில் பிள்ளைகள் மலையுச்சியில் கட்டிய மரவீட்டில் ஏறி ஒன்லைனில் பாடம் படித்தார்கள். சிக்னல் அங்கேதான் கிடைத்தது. இன்று அதே பதுளை மாவட்டத்தில் சிம், ஃபைபர், ஸ்டார்லிங்க் என்று மூன்று வழிகள் இருக்கின்றன. வேகமும் விலையும் எல்லாரும் கேட்பதுதான். இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, நம் விவரம் யார் கைக்குப் போகிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

4ஜி சிம், வீட்டு ரவுட்டர்

கம்பம் நட வேண்டாம், தோட்ட நிர்வாகத்திடம் அனுமதிக்கு நிற்க வேண்டாம். கையில் காசில்லாத மாதம் ரீலோட் போடாமல் விடலாம். ஆனால் மலை நாட்டில் சரிவுக்குச் சரிவு சிக்னல் மாறும். பசறை டவுனில் நன்றாக எடுக்கும் சிம், மலைக்கு அந்தப் பக்கம் செத்துக் கிடக்கலாம். வாங்குமுன் டயலொக், மொபிட்டல், ஹட்ச் சிம்களை அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கி, எல்லாரும் போன் பார்க்கும் இரவு ஏழு மணிக்குமேல், உங்கள் அறைக்குள்ளேயே போட்டுப் பாருங்கள். தகரக் கூரை சிக்னலை மறிக்கும். ரவுட்டரை டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலில் வையுங்கள்.

நீங்கள் எந்த டவரின் கீழ் இருக்கிறீர்கள் என்பது கம்பனிக்குத் தெரியும்; அதைத் தடுக்க வழியில்லை. கொழும்பில் வேலை செய்யும் தம்பி பெயரிலோ கடைக்காரர் பெயரிலோ சிம் வைத்திருப்பதை மாற்ற மட்டும் வழியுண்டு. வங்கியின் இரகசிய இலக்கம் அந்த நம்பருக்குத்தான் வருகிறது. சிம் தொலைந்தால் பெயருக்குரியவர் வந்தால்தான் மாற்று சிம் கிடைக்கும். சிம்மை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அடையாள அட்டைப் பிரதி கொடுக்கும்போது எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று அதன்மேல் குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

ஃபைபர்

ஒன்லைன் வகுப்பும் வீட்டிலிருந்து வேலையும் இருந்தால் இதற்கு நிகரில்லை. ஆனால் கம்பி உங்கள் ரோட்டுவரை வந்திருக்க வேண்டும். பழைய செப்புக் கம்பியை ஃபைபர் என்று நம்பி வாங்காதீர்கள். தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக் கூட அதன் வேகம் குறையும்.

லய வீடுகளில் பலவற்றுக்குத் தனி விலாசம் இல்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, பல கை மாறித்தான் வீடு சேரும். ஆகவே ஃபைபர் பில்லை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பச் சொல்லிவிடுங்கள்.

ஸ்டார்லிங்க்

இந்தச் செய்மதி இணையம் 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்தது. டவரே எட்டாத தோட்டத்துக்கு இது வரம்தான், ஆனால் டிஷ் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,750 ரூபாய் என்று வைத்தாலும், இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு நாள் விடாமல் கொழுந்து பறித்தால்தான் அந்தக் காசு சேரும். டிஷ்ஷுக்குத் திறந்த வானம் வேண்டும். உயர்ந்த சவுக்கு மரங்கள் மறித்தால் இணைப்பு விட்டு விட்டு வரும்.

வானத்திலிருந்து வருவதால் யாரும் பார்க்க முடியாது என்ற பேச்சை நம்பாதீர்கள். 2024 ஆகஸ்டில் உரிமம் கொடுத்த பிறகும் சேவை தாமதமானதற்கு ஒரு காரணம், விசாரணைக்குத் தேவைப்படும்போது அதிகாரிகள் விவரம் பார்க்க ஏற்பாடு வேண்டும் என்று அரசு கேட்டதுதான்.

மூன்றுக்கும் பொதுவானவை

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவு, கம்பியையும் மின்சாரத்தையும் சேர்த்தே அறுத்தது. மின்சாரம் போனால் டவரும் பட்டரி இருக்கும்வரைதான். ஆகவே எதை எடுத்தாலும் வேறு கம்பனியின் சிம் ஒன்றைக் கூட வைத்திருங்கள்.

நாலு வீடு சேர்ந்து ஒரு வைஃபை வாங்கினால் செலவு குறையும். ஆனால் அதில் யார் என்ன செய்தாலும் முதல் கேள்வி இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் வரும். எந்தெந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்பதை ரவுட்டர் வைத்திருப்பவர் பார்க்கவும் கூடும். வாட்ஸ்அப் செய்தியின் உள்ளே என்ன இருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இலேயே நிறைவேறியது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கியப் பகுதிகள் தள்ளிவைக்கப்பட்டன. அதனால் உங்கள் விவரத்துக்கு முதல் காவல் நீங்கள்தான்.

முடிவாக: தனி வீட்டுக்குச் சொந்தப் பெயரில் 4ஜி. கம்பி வாசலுக்கு வந்திருந்தால் ஃபைபர். இரண்டும் எட்டாத தோட்டத்தில் பாடசாலைக்கோ வாசிகசாலைக்கோ பொதுவாக ஒரு ஸ்டார்லிங்க். கடன் வாங்கி வீட்டுக்கு டிஷ் வைக்காதீர்கள்.