வீடு நிறைய உறவு: பார்த்துக்கொள்வது யார்?

கேள்வி: ஐயா, இந்த வருஷம் என் மகளுக்குத் தலை தீபாவளி. தாம்பரத்துக்குத் தெற்கே கீழ்த்தளமும் மாடியுமாகத் தனி வீடு எங்களுடையது. சம்பந்தி வீட்டார், நாத்தனார் குடும்பம், என் தம்பி குடும்பம் எல்லாருமாக 25 பேர் முதல் நாள் மாலையே வந்து தங்குகிறார்கள். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் மட்டும் 7 பேர். அதில் ஒன்று பத்து மாதக் கைக்குழந்தை. மாமனாருக்கு 82 வயது. பலகாரம் வீட்டில்தான். பட்டாசை மாப்பிள்ளையும் தம்பியும் போட்டி போட்டு வாங்கி வைத்திருக்கிறார்கள். போன தீபாவளிக்கு எங்கள் தெருவில் ஒரு குழந்தையின் பாவாடையில் மத்தாப்புப் பொறி விழுந்து பற்றிக்கொண்டது. அதிலிருந்து எனக்கு நெஞ்சு படபடப்பு. இத்தனை பேர் நகையோடு வரும்போது திருட்டுப் பயமும் இருக்கிறது. சம்பந்தி வீட்டாரிடம் "அதைச் செய்யாதீங்க, இதைத் தொடாதீங்க" என்று சொன்னால் மரியாதைக் குறைவாக நினைத்துவிடுவார்களோ என்றும் தயங்குகிறேன். எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில் (தீயணைப்புத் துறையின் ஓய்வுபெற்ற அலுவலர்):

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. தீபாவளியன்று அழைப்பு வந்து நாங்கள் போய் நின்ற வீடுகளில் ஆள் இல்லாத வீடு அபூர்வம். கூடம் நிறைய ஆட்கள் இருப்பார்கள். "குழந்தை யார்கிட்ட இருந்தது?" என்று கேட்டால், "பாட்டிகிட்ட இருக்கான்னு நெனச்சேன்" என்பார் தாய். "சித்தப்பாகூட மாடிக்குப் போயிட்டான்னு இருந்தேன்" என்பார் பாட்டி. சித்தப்பா வாசலில் ராக்கெட்டுக்குப் பாட்டில் தேடிக்கொண்டிருப்பார். நாலு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் இப்படி நடப்பதில்லை. கூட்டம் கூடினால்தான் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்ற நினைப்பு எல்லாருக்கும் வந்துவிடுகிறது.

அதனால் பொறுப்பைப் பேர் சொல்லிப் பிரிப்பதிலிருந்து ஆரம்பியுங்கள். அடுப்படிக்கு ஒருவர், வெந்நீருக்கு ஒருவர், பட்டாசுக்கு ஒருவர், கைக்குழந்தைக்கு ஒருவர். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறட்டும். மாறும்போது "இனி நீ பாத்துக்கோ" என்று வாய்விட்டுச் சொல்லி, "சரி" என்ற பதிலையும் வாங்க வேண்டும். உங்கள் மரியாதைப் பிரச்சினைக்கும் இதிலேயே வழி இருக்கிறது. மாப்பிள்ளையிடம் "இதைச் செய்யாதீங்க" என்று சொல்ல வேண்டாம். "மாப்பிள்ளை, பட்டாசு முழுக்க உங்க பொறுப்பு, நீங்க சொன்னாத்தான் பசங்க கொளுத்தணும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிப் பாருங்கள். பொறுப்பைக் கையில் வாங்கியவர் தானும் அத்துமீற மாட்டார், மற்றவர்களையும் விடமாட்டார். சம்பந்தியம்மாவிடம் கைக்குழந்தையையும், நாத்தனாரிடம் குளியலறையையும் இதே போல ஒப்படைக்கலாம்.

அடுத்தது முதல் நாள் இரவு. இதை யாரும் கேட்பதில்லை, எனக்கோ இதுதான் பெரிய கவலை. கூடத்திலும் மாடியிலுமாக 25 பேர் பாய் விரித்துப் படுப்பார்கள். நகை வீட்டில் இருக்கிறதே என்று வாசல் கிரில் கேட்டுக்குப் பூட்டு, பின்கட்டுக்குப் பூட்டு, மாடிக் கதவுக்கும் பூட்டு போடுவீர்கள். சாவிக்கொத்து உங்கள் தலையணைக்கடியில் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்குப் புகை கிளம்பினால் அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று இருட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஜன்னலுக்கெல்லாம் கம்பி போட்ட வீடுகளில் கதவை விட்டால் வேறு வழி கிடையாது. பூட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வாசல் சாவியும் பின்வாசல் சாவியும் அந்தந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே, வெளியிலிருந்து கை விட்டால் எட்டாத உயரத்தில் ஆணியில் தொங்கட்டும். தூங்கப் போகும் முன் பெரியவர்கள் எல்லாரையும் அழைத்து அந்த ஆணியைக் காட்டிவிடுங்கள். ஜன்னல் வழியே ஒருவர் அதைப் பறிக்க முடிகிறதா என்று நீங்களே வெளியே போய் நின்று கை நீட்டிப் பார்ப்பது நல்லது. மாடிப்படியிலும் நடைவழியிலும் பெட்டிகளை அடுக்கவே கூடாது. அந்த வீட்டில் இரவு தங்கும் ஒவ்வொரு குழந்தையும் யார் பக்கத்தில் படுக்கிறது என்பதும் அதன் அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உறவுதானே என்று விட்டுவிடுகிற விஷயம் இல்லை இது.

பட்டாசு மூட்டையைப் பெரும்பாலும் மாடிப்படிக்கடியில், இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில்தான் தள்ளி வைப்பார்கள். ஒரு பொறி போதும், மாடியில் இருப்பவர்களுக்கு இறங்கும் வழியே இல்லாமல் போகும். அடுப்படி, பூஜை விளக்கு, இன்வெர்ட்டர் மூன்றுக்கும் தூரமான, படிக்கட்டில் சேராத ஓர் அறையில் வைத்துப் பூட்டிவிடுங்கள். ஐப்பசி மழையில் நமத்துப்போனதென்று அடுப்புக்கருகே காயவைக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. உங்கள் வீட்டில் யார் செய்தாலும் தயவு தாட்சண்யம் பார்க்காமல் தடுத்துவிடுங்கள்.

விடியற்காலை எண்ணெய்க் குளியலுக்கு வருகிறேன். 25 பேருக்கு வெந்நீர் என்றால் ஹீட்டர் ராடு மூன்று மணியிலிருந்து வாளி வாளியாக ஓடும். அவசரத்தில் ஒரு குழந்தை "சுட்டுச்சா?" என்று விரலை விட்டுப் பார்க்கும். பெரியவர்களும் சுவிட்சை அணைக்காமல் அதையேதான் செய்கிறார்கள். ராடு போடும் இடம் குளியலறைக்கு வெளியே, தாழ்ப்பாள் போடக்கூடிய ஓர் இடமாக இருக்கட்டும். பிளாஸ்டிக் வாளிதான், அலுமினியமோ எவர்சில்வரோ ஆகாது. சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரைத் தொட வேண்டும். இந்த வாரமே எலக்ட்ரீஷியனை அழைத்து, உங்கள் வீட்டு மெயின் போர்டில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்தும்போது சட்டென்று விழ வேண்டும். விழாவிட்டால் மாற்றச் சொல்லுங்கள். தீபாவளிக்கு வாங்கும் துணிமணியில் ஒன்றைக் குறைத்தாவது இந்தச் செலவைச் செய்யுங்கள். கேஸ் கீசர் என்றால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மூடிய குளியலறையில் அது கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும்.

உங்கள் மாமனாரை முதல் ஆளாகக் குளிக்க வையுங்கள். பத்துப் பேர் எண்ணெய் தேய்த்துக் குளித்த தரையில் 82 வயதுக்காரர் கால் வைக்கக் கூடாது. உள்ளே ஒரு ஸ்டூல், கதவில் தாழ்ப்பாள் இல்லை, வெளியே ஓர் ஆள். இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வயதில் மீள்வது கடினம்.

பட்டாசுக்கு வருவோம். 2018இல் உச்ச நீதிமன்றம் இரண்டு மணி நேரம் என்று வரையறுத்த பிறகு, தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று அரசு நேரம் குறித்திருக்கிறது. பலருக்கு இது எரிச்சல். வீட்டுக்கு விருந்தாளிகளை அழைத்திருக்கும் உங்களுக்கு இது வரம். காவலுக்கு ஆள் நிறுத்த வேண்டியது அந்த இரண்டு மணி நேரம்தான். அதற்கு வெளியே ஒரு திரிகூட எரியக் கூடாது என்று மாப்பிள்ளையே சொல்லட்டும்.

எல்லாரும் அணுகுண்டுக்கும் சரவெடிக்கும்தான் பயப்படுகிறார்கள். மூன்று வயதுக் குழந்தை கையில் கம்பி மத்தாப்பைக் கொடுத்துவிட்டு போட்டோ எடுக்கிறார்கள். எரியும் மத்தாப்பின் நுனி ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டும். அணைந்த பிறகும் கம்பி வெகுநேரம் சுடும். அதை வாசலில் வீசிவிடுவார்கள், வெறுங்காலோடு ஓடி வரும் அடுத்த குழந்தை மிதித்துவிடும். இரண்டு வாளியில் தண்ணீர் வையுங்கள். ஒன்று தீயணைக்க, மற்றது எரிந்த கம்பி போட. கம்பி தண்ணீரில் விழுந்து "சொய்ங்" என்று சத்தம் வந்தால்தான் அடுத்த மத்தாப்பு என்று சொல்லிவிடுங்கள், குழந்தைகளே விளையாட்டுப் போலப் பின்பற்றுவார்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் தள்ளி நின்று பார்க்கட்டும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு யாரும் எதையும் கொளுத்தக் கூடாது.

புத்தாடை போடாமல் தீபாவளியா என்று கேட்பீர்கள். பூஜைக்கும் போட்டோவுக்கும் போடட்டும். பட்டாசு நேரத்துக்கு உடம்போடு ஒட்டிய பருத்திச் சட்டை, கால்சட்டை, காலில் செருப்பு. நைலான், நெட், சாட்டின் பாவாடைகள் எரியும்போது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் எரியும், ஆனால் அப்படி உருகாது. துப்பட்டாவும் புடவைத் தலைப்பும் இடுப்பில் செருகியிருக்க வேண்டும், தலைமுடியைப் பின்னிவிட வேண்டும். மருந்தைக் கொட்டிக் கொளுத்துவது, டப்பாவில் மூடி வெடிப்பது எதற்கும் இடம் கொடுக்காதீர்கள். புஸ்வாணம் பற்றவில்லை என்று குனிந்து எட்டிப் பார்க்கும் பிள்ளைகள்தான் கண்ணை இழக்கிறார்கள். பற்றாததைக் கால் மணி நேரத்துக்கு மேல் அப்படியே விட்டு, தள்ளி நின்று தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

துணியில் தீப்பிடித்தால் ஓடவிடாதீர்கள், ஓட ஓடத் தீ வளரும். படுக்க வைத்து உருட்டுங்கள், அல்லது ஜமுக்காளத்தால் இறுக்கிச் சுற்றுங்கள். ஒரு ஜமுக்காளம் திண்ணையிலேயே மடித்துக் கிடக்கட்டும். பிறகு குழாயடி. சுட்ட இடத்தில் சாதாரணத் தண்ணீர் 20 நிமிடம் ஓட வேண்டும், கடிகாரம் பார்த்து. எல்லாரும் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டு பேஸ்ட், மை, மஞ்சள், ஐஸ் என்று ஆளுக்கொன்று கொண்டுவருவார்கள். எதுவும் வேண்டாம். வீங்குவதற்குள் வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். கொப்புளத்தைக் குத்தாதீர்கள். சுத்தமான வேட்டித் துணியால் தளர்வாக மூடி, 108ஐ அழையுங்கள். பெரிய காயமாக இருந்து சென்னைக்கு அனுப்பினால், கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு உண்டு. கண்ணில் வெடி பட்டால் கசக்கவோ அழுத்தவோ கூடாது. ஒரு காகிதக் கப்பைக் கண்ணுக்கு மேல் கவிழ்த்துப் பிளாஸ்திரி ஒட்டி, நேரே கண் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

பலகாரம் சுடும் இரண்டு நாளில் குழந்தைகளுக்கு அடுப்படி வாசலிலேயே எல்லை போடுங்கள். தரையில் ஒற்றை அடுப்பு வைத்து முறுக்குப் பிழியாதீர்கள், தவழும் குழந்தை இருக்கும் வீடு. எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. கேஸை மூடி, பெரிய தட்டால் சட்டியை மூடிவிட்டு, ஆறும்வரை திறக்காதீர்கள். கேஸ் வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து பூஜையறை விளக்குவரை போகும். சிலிண்டரை மூடி, விளக்கை அணைத்து, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே போய், கேஸ் கசிவு உதவி எண்ணான 1906ஐ அழையுங்கள்.

சின்னச் சின்னதாக இன்னும் சில. மிக்சரில் கிடக்கும் வேர்க்கடலை சின்னக் குழந்தையின் மூச்சுக்குழலை அடைத்துவிடும், ஐந்து வயதுவரை தட்டிலேயே வைக்காதீர்கள். தீபாவளி லேகியத்தில் தேன் சேர்த்திருந்தால் பத்து மாதக் குழந்தையின் நாக்கில் தடவக்கூட வேண்டாம், ஒரு வயது முடியட்டும். கற்பூரத்தைக் கல்கண்டு என்று நினைத்து வாயில் போட்டு வலிப்பு வந்த குழந்தைகள் உண்டு, பூஜைத் தட்டிலிருந்து அதை எடுத்து உயரத்தில் வையுங்கள். விருந்தாளிகளின் கைப்பையிலிருக்கும் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளும் அப்படித்தான். தேங்காய்ச் சட்னியும் கலந்த சாதமும் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் பரிமாறாதீர்கள்.

நகைக்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. குளிக்கப் போகிறவர்கள் மோதிரத்தையும் சங்கிலியையும் கழற்றிக் கண்ணாடி அலமாரியில் வைப்பார்கள். அங்கேதான் அது காணாமல் போகும், அதற்குப் பிறகு உறவும் கெடும். ஒரு டப்பா, அதற்கு உங்கள் மகள் பொறுப்பு, பீரோவில் பூட்டு. எல்லாரும் மாடிக்குப் போய் வேடிக்கை பார்க்கும்போது வாசல் கதவு திறந்து கிடக்கிறதா என்று ஒருவர் பார்க்க வேண்டும்.

மாலையில் மொட்டைமாடியில் ஆண்கள் தனியாகக் கூடுவது சில வீடுகளில் வழக்கம். குடித்தவர் கையில் ஊதுபத்தியும் வேண்டாம், வண்டிச் சாவியும் வேண்டாம். சாவியை அவரவர் மனைவி வாங்கி வைத்துக்கொள்ளட்டும். தம்பியிடம் இதை நீங்கள் சொல்லலாம், அக்கா சொன்னால் கேட்பார்.

கடைசியாக, விருந்தாளிகளின் கார்களைத் தெருவின் இரு பக்கமும் நிறுத்த விடாதீர்கள். எங்கள் வண்டி நுழைய முடியாமல் தெருமுனையில் நின்று ஹாரன் அடிப்பதைவிடக் கொடுமை வேறில்லை. 101, 108 இரண்டையும், கீழே உங்கள் கதவெண், தெருப்பெயர், பக்கத்திலிருக்கும் கோயில் அல்லது பள்ளியின் பெயர் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதிக் கூடத்தில் ஒட்டுங்கள். வெளியூரிலிருந்து வந்த சம்பந்திக்கு உங்கள் விலாசம் மனப்பாடமாகத் தெரியாது. போன் செய்தவுடன் ஓர் ஆள் டார்ச்சோடு தெருமுனைக்குப் போய் நிற்கட்டும். அந்த ஆள் யார் என்பதையும் முதல் நாள் இரவே சொல்லி வையுங்கள்.