டெல்லி கணேஷுக்கு மூணு மேடை... உங்க சம்பளத்துக்கு எத்தனை?



டெல்லி கணேஷ் 1964 முதல் 1974 வரை விமானப்படையில் மாதச் சம்பளக்காரர். பிறகு காத்தாடி ராமமூர்த்தி குழுவில் நாடகம், கே. பாலசந்தரின் 'பட்டினப்பிரவேசம்' வழியா சினிமா, அப்புறம் டிவி சீரியல். 2024-ல் மறையும் வரை நடிச்ச படங்கள் 400-க்கும் மேல்.

பாடம் 1: திறமை ஒண்ணுதான், நடிப்பு. அதுக்குச் சம்பளம் தர மூணு இடம். ஒரு கதவு மூடினாலும் வருமானம் நிக்காது.

பாடம் 2: இதுதான் முக்கியம். 2020 மார்ச் ஊரடங்கில் தி.நகர் வாணி மஹால், மயிலாப்பூர் சபாக்கள், தியேட்டர், சீரியல் ஷூட்டிங் எல்லாமே மூடியாச்சு. மூணு இடத்திலும் நடிச்சவங்களுக்கு மூணும் சேர்ந்தே நின்னுச்சு.

இப்ப உங்க கணக்கு. ஐ.டி. சம்பளம், அதே கம்பெனி ஷேர், வார இறுதியில் ஐ.டி. ஃப்ரீலான்ஸ், ஓ.எம்.ஆரில் வாடகைக்கு விட்ட ஃபிளாட். பார்க்க நாலு. ஐ.டி. சரிஞ்சா நாலும் ஆடும்!

இந்த வாரம் செய்யுங்க:

1. ஒவ்வொரு வருமானத்துக்கும் பக்கத்தில் "எது நடந்தா இது நிக்கும்?"னு எழுதுங்க. ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தா, அதெல்லாம் சேர்ந்து ஒரே வருமானம்தான்.
2. மாதச் செலவு 30,000 ரூபாயா? 6 மாசத்துக்கு 1,80,000 ரூபாய் அவசர நிதி. சேமிப்புக் கணக்கிலும் லிக்விட் ஃபண்டிலும் பிரிச்சு வைங்க. ஃப்ரீலான்ஸ் மட்டுமே நம்பினா 12 மாசம்.
3. அடுத்த முதலீடு உங்க துறைக்கு வெளியே போகட்டும்: பி.பி.எஃப்., தங்கம், பல துறைகள் கலந்த இண்டெக்ஸ் ஃபண்ட்.

வேலையை விட்டுட்டு பிடிச்சதைச் செய்யணும்னு ஆசையா? முதல்ல ரெண்டாவது வரியை முடிங்க. உங்க லிஸ்ட்ல எத்தனை வேற வேற பதில் வந்துச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க.