மாட்டுப்பெட்டித் தண்ணீரும் கூரை வெயிலும்

கேரள மலையில் சித்திரபுரம் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களிடம் மின்வண்டிப் பேச்சை எடுத்தால் முதலில் வருவது இதுதான்: “நம்ம ஊர்லதான் கரண்டே பிறக்குது. இங்க சார்ஜ் போட்டா அசல் சுத்தமான கரண்டு.”

பெருமை நியாயமானதே. இங்கே முதிரப்புழை ஆற்றை நம்பி 1940இல் ஓடத் தொடங்கிய பள்ளிவாசல் நிலையம்தான் கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம். ஆனால் அந்தக் கரண்டு நேரே உங்கள் பிளக்குக்கு வருவதில்லை. மாநிலக் கம்பியில் கலந்துவிடுகிறது. கேரளம் தன் தேவையில் பெரும்பகுதியை வெளியிலிருந்துதான் வாங்குகிறது, நிலக்கரிக் கரண்டும் அதில் உண்டு. 2024 மே மாதம் மாநிலத்தின் இரவுத் தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. பழைய பள்ளிவாசல் நிலையத்தின் திறன் 37.5 மெகாவாட். நூற்றில் ஒன்றுகூட இல்லை.

“சரி, கூரையில சோலார் போடுவோம். வர்ற காருக்கெல்லாம் சார்ஜ் வித்துக் காசு பார்ப்போம்.” இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 5 கிலோவாட் பேனல் நல்ல வெயில் நாளில் 20 யூனிட் போலத் தரும்; ஆடி மழையில் பாதி வந்தாலே பெரிது. ஒரு மின்காரின் பேட்டரியோ 30, 40 யூனிட் பிடிக்கும். அந்தக் கார் கொச்சியிலிருந்து ஏறி உங்கள் முற்றத்துக்கு வருவது இரவு ஏழு மணிக்கு. காலையில் கிளம்பிவிடும். மாட்டுப்பெட்டி, குண்டளை அணைகளில் தேக்கிய தண்ணீரை மாலைக்கென்று வைத்துக்கொள்ளலாம். கூரையில் விழுந்த வெயிலை, தனியாக பேட்டரி வாங்காமல், அப்படி வைக்க முடியாது. மின்வாரியமும் சார்ஜிங் நிலையங்களுக்குப் பகலில் குறைத்தும் மாலையிலிருந்து கூட்டியும்தான் விலை போடுகிறது.

பகலில் சும்மா நிற்கும் வண்டி எது? ஸ்டாண்டில் நிற்கும் மின் ஆட்டோ. அதன் பேட்டரி ஏழெட்டு யூனிட்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சாதாரணப் பிளக்கில் போட்டாலே மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். என் கணக்கில், இந்த ஊரில் சோலாருக்கு ஏற்ற வாடிக்கையாளர் ஓட்டல் வாசலில் சாப்பிட நிறுத்துகிறவர்தான், இரவு தங்க வருகிறவர் அல்ல.

லைசென்ஸ் பயம் வேண்டாம். சார்ஜ் போட்டுக் கொடுப்பது சேவை, மின்சார விற்பனை அல்ல என்று மத்திய மின்துறை 2018 ஏப்ரலிலேயே தெளிவுபடுத்திவிட்டது.

“மலை ஏறினா பேட்டரி காலி” என்பது பாதி உண்மை. ஆட்களோடு 800 கிலோ எடையுள்ள ஆட்டோவை 1,000 மீட்டர் உயரம் ஏற்ற, எடைக்கு மட்டுமே 2.2 யூனிட் வேண்டும். இறங்கும்போது பிரேக் வழியாக அதில் ஒரு பங்கு திரும்பும், பேட்டரியில் இடம் இருந்தால். மேலே முழுசாக நிரப்பிக்கொண்டு இறங்கினால் அதுவும் போச்சு. ஆகவே மலைமேல் சார்ஜிங் கடை போட்டவர், “எண்பது சதவீதம் போதும், கழட்டிக்குங்க” என்று வாடிக்கையாளரிடம் தானே சொல்ல வேண்டும். வியாபாரிக்குக் கசப்புதான்.

கடன் வாங்குமுன் ஒரு நோட்டை வாசலில் வையுங்கள். எந்த வண்டி, எத்தனை மணிக்கு வந்தது, எப்போது போனது என்று ஒரு வாரம் எழுதுங்கள். பேனல்காரரைக் கூப்பிடுவது அதற்குப் பிறகு.