மூன்று கார் ஓடிய வகுப்பு

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். செம்பூரில் வேலை முடித்து வந்து, தாராவி 90 அடி ரோட்டில் அப்பாவின் டிங்கர் பட்டறையில் ராத்திரி ராத்திரியாக நீ கட்டிய கார் அது. அதன் வகுப்பில் போதுமான வண்டி சேரவில்லை என்று வேகமான வகுப்போடு சேர்த்து விட்டார்கள். கடைசி வரிசையில் நின்று கிளம்பினாய், இரண்டு சுற்று பின்தங்கி முடித்தாய். மேடையில் உன் வகுப்புக்கென்று ஒரு கோப்பை கொடுத்தபோது கை தட்ட அப்பாவைத் தவிர ஆளில்லை. "என் கிளாஸைக் கொன்னுட்டாங்க அண்ணாச்சி, இனி எதுக்கு ஓட்டணும்?" என்று கேட்டிருக்கிறாய்.

அந்தக் கேள்விக்கு உடனே பதில் எழுதக் கை வரவில்லை. நாற்பது வருஷத்துக்கு முன் இதே இடத்தில் நின்று தப்பான பக்கம் போனவன் நான்.

என் கார் பிரீமியர் பத்மினி. அது பிறந்த குர்லா தொழிற்சாலை நம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று உனக்கே தெரியும். 1089 சிசி எஞ்சின், ஸ்டியரிங் தண்டிலேயே கியர். இந்த ஊரில் எந்தத் தெருமுனை மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பான், மறு ராத்திரிக்குள் பூட்டுவான். அன்றைக்கு டாக்சிக்காரர்கள் தள்ளிவிட்ட எஞ்சினை சிஎஸ்டி ரோடு காயலான் கடைகளில் எடை போட்டு வாங்கலாம். பந்தயம் என்றால் மெட்ராஸ் பக்கத்துச் சோழவரம். ஜூஹு விமானத்தளத்தில் ஒரு காலத்தில் கார்கள் ஓடியதைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டதுண்டு, நாங்கள் வளரும்போது அது முடிந்துபோயிருந்தது. காரை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, தாதரில் மெட்ராஸ் ரயில் பிடிப்போம். சோழவரம் யுத்த காலத்து ஓடுபாதை. வெயில் கான்கிரீட்டிலிருந்து காலில் ஏறும். ஊரே திரண்டு வந்து பார்க்கும்.

அந்த நாளில் ஒரு கிளப் போட்டி. எந்தக் கிளப், எந்த வருஷம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். எங்கள் பத்மினி வகுப்பில் ஒரு டஜன் வண்டி பக்கம் நிற்கும். நான் ஐந்தாவதோ ஆறாவதோ வருவேன். ஹெட்டைக் கொஞ்சம் சீவி, கேம் மாற்றி, இன்னொரு கார்புரேட்டர் வைத்தால் முன்னால் போகலாம் என்று எனக்கு ஆசை. விதி இடம் கொடுக்கவில்லை. இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, மாற்றம் செய்த வண்டிகளுக்குத் தனி வகுப்பு வேண்டும் என்று சண்டை போட்டேன். கொடுத்துவிட்டார்கள்.

குர்லாவில் ஒரு லேத் பட்டறை. மிஸ்திரி ஹெட்டை மிஷினில் கட்டி, நூலில் பாதிகூட இருக்காது, அவ்வளவுதான் சீவினார். பிறகு நகத்தை அந்த முகத்தின் மேல் ஓட்டினார். நகம் எங்கும் தடுக்கவில்லை. என்னையும் தடவிப் பார்க்கச் சொன்னார். கண்ணாடி மாதிரி இருந்தது. அந்த ராத்திரி எனக்கிருந்த சந்தோஷத்தை இன்றைக்கும் சொல்லி மாளாது.

புது வகுப்பில் மூன்றே கார். அதில் ஒன்று கிளம்பும்போதே நின்றுவிட்டது. நான் ஜெயித்தேன். அடுத்த வருஷம் என் செலவைப் பார்த்தே பழைய வகுப்பில் நான்கு பேர் வரவில்லை: இவ்வளவு செய்தால்தான் ஜெயிக்க முடியும் என்றால் நம்மால் ஆகாது என்று விட்டார்கள். அதற்கடுத்த வருஷம் இரண்டு வகுப்புமே இல்லை. அந்தக் கோப்பை வீட்டில் இருக்கிறது. அதை எடுத்துத் துடைக்கும்போதெல்லாம் வராமல் போன நாலு பேரின் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

அதனால் சொல்கிறேன். உன் வகுப்பைச் சேர்த்துவிட்ட அன்று அது சாகவில்லை. நாலாவது, ஐந்தாவது, ஆறாவது வருகிறவன் வீட்டிலேயே இருந்துவிட முடிவு செய்தானே, அன்றைக்கே அதன் உயிர் போய்விட்டது. அவன் ஏன் வரவில்லை என்று கேட்டாயா?

காரணம் பல. முதலில் வண்டியே இல்லை. நம் தேசியப் பந்தயத்தைப் பல வருஷம் தோளில் சுமந்தது மாருதி எஸ்டீம். அதன் 1300 எஞ்சின் செடானிலும் ஓடியது, ஃபார்முலா எல்ஜிபி 1300 என்ற ஒற்றை இருக்கைக் காரிலும் ஓடியது. எஸ்டீம் தயாரிப்பு 2007-இல் நின்றது. மாருதி 800 நின்றது 2014-இல். மும்பையின் கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபரோடு ரோட்டை விட்டுப் போனது. தெருவில் ஒரு வண்டி ஓடும்வரைதான் அதன் கியர்பாக்ஸ் காயலான் கடையில் கிடைக்கும். கடையில் கிடைக்கும்வரைதான் நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரன் பந்தயம் ஓட்ட முடியும். இன்றைய கார்களைக் கம்ப்யூட்டர் இல்லாமல் தொடக்கூட முடிவதில்லை.

பிறகு கம்பெனிக் கோப்பைகள் வந்தன. ஃபோக்ஸ்வேகன் போலோ கோப்பை 2010-இல் தொடங்கியது, டொயோட்டாவின் எட்டியோஸ் பந்தயம் சில வருஷத்தில் வந்தது. நல்ல கார்கள், எல்லாருக்கும் ஒரே கார், கட்டணம் கட்டினால் உட்கார்ந்து ஓட்டலாம். அதில் ஓட்டிய நல்ல பிள்ளைகளை எனக்குத் தெரியும், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் கம்பெனி கணக்கை மூடினால் கோப்பையும் மூடும். அன்றைக்கு அந்தப் பிள்ளையின் கொட்டகையில் ஒரு சக்கரம்கூட மிச்சம் இருக்காது. சென்னையில் 2024-இல் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி நடந்த பந்தயம் பார்த்துவிட்டு நீயும் மயங்கிப்போய் எழுதியிருந்தாய். எனக்கும் பிடித்தது. ஆனால் நம் ஊரின் பெயரைச் சுமக்கும் மும்பை ஃபால்கன்ஸ் அணி 2021-இல் ஆசிய ஃபார்முலா 3 வரை போயிருக்கிறது, இந்த ஊருக்குள்ளோ நீ காரை இறக்கி ஓட்ட ஒரு தடம் கிடையாது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை வரை 1,300 கிலோமீட்டர் போகத்தான் வேண்டியிருக்கிறது. லாரி வாடகையும் லீவும் உன்னைத் தின்பது போலத்தானே அந்த நாலாவது ஆளையும் தின்றிருக்கும்?

கரிவரதனைப் பற்றி உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கோயம்புத்தூர்க்காரர், சோழவரத்தில் பெரிய வண்டிகளை ஓட்டியவர். நினைத்திருந்தால் வெளிநாட்டுக் கார் ஒன்றை இறக்கித் தனியாக ஜெயித்துக்கொண்டே இருந்திருக்கலாம். அவர் 1988 வாக்கில் என்ன செய்தார் என்றால், மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினைப் பின்னால் வைத்து ஒற்றை இருக்கைக் கார் கட்டினார். ஒன்று கட்டி நிறுத்தவில்லை, அடுத்தவர்களும் ஓட்டட்டும் என்று வரிசையாகக் கட்டினார். அதற்குப் பெயர் ஃபார்முலா மாருதி. எஞ்சின் பழுதானால் எந்த ஊர்ப் பட்டறையிலும் பார்க்கலாம். வேகம் பெரிய வேகம் இல்லை. ஆனால் பக்கத்தில் எப்போதும் ஆள் இருப்பான். நரேன் கார்த்திகேயன் தொடங்கியது அந்த வகுப்பில்தான், 2005-இல் ஃபார்முலா ஒன்னில் அவர் உட்கார்ந்ததை உலகமே பார்த்தது. கரி அதைப் பார்க்க இல்லை. 1995-இல் விமான விபத்தில் போய்விட்டார். கோயம்புத்தூர்ப் பக்கம் செட்டிபாளையம் தடத்துக்கு அவர் பெயர். அங்கே ஓட்டும்போது ஒரு நிமிஷம் அவரை நினைத்துக்கொள்.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டும் இல்லை. இங்கிலாந்தில் 1967-இல் தொடங்கிய ஃபார்முலா ஃபோர்டு எத்தனையோ பெரிய ஓட்டுநர்களை வளர்த்தது. அங்கேயே அதன் தேசியப் போட்டி நின்று, 2015 முதல் ஃபார்முலா 4 அந்த இடத்துக்கு வந்தது. அமெரிக்காவில் அமெச்சூர் பந்தயம் நடத்தும் எஸ்சிசிஏ, ஒவ்வொரு வகுப்புக்கும் எத்தனை கார் வருகிறது என்று தலை எண்ணித்தான் தேசிய இறுதிப் போட்டியில் இடம் கொடுக்கிறது. வகுப்புகளைச் சேர்த்துவிடுகிறவர்கள் யாரும் உனக்கு எதிரி இல்லை, தம்பி. இருபது காருக்கு ஏழு பந்தயம் வைத்தால் எந்தக் கிளப்புக்கும் கட்டுப்படி ஆகாது. மார்ஷல், ஆம்புலன்ஸ், தட வாடகை எல்லாம் ஒவ்வொரு பந்தயத்துக்கும் முழுசாக வேண்டும்.

ஆனால் சேர்ப்பதிலும் முறை இருக்கிறது, அதற்காக நீ வாய் திறந்து பேசத்தான் வேண்டும். சிசியைப் பார்த்துச் சேர்க்காதே, லேப் டைமைப் பார்த்துச் சேர் என்று கேள். சுற்றுக்கு இரண்டு மூன்று விநாடி வித்தியாசத்தில் இருக்கிற வண்டிகள் எந்தப் பெயரில் இருந்தாலும் ஒன்றாக ஓடலாம். பத்து விநாடி வித்தியாசம் உள்ளதைச் சேர்த்தால் அது ஆபத்து. வேகமான கும்பலை முதலில் விட்டு, சில விநாடி கழித்து உங்களை விடச் சொல். ஒரு முறை விதி எழுதினால் ஐந்து வருஷம் அதில் கை வைக்காதே என்று கேள். எஞ்சினுக்கு ஈயச் சீல், எல்லாருக்கும் ஒரே டயர். ஒரு காரைக் கட்டியவன் அடுத்த வருஷம் அது குப்பையாகாது என்று நம்பினால்தான் இன்னொருவன் கட்டத் துணிவான். கூட்டத்தில் தனி வகுப்பு மட்டும் கேட்காதே. நான் கேட்டு வாங்கியதன் கதையை மேலேயே சொல்லிவிட்டேன்.

அதுவரை, சேர்ந்த பந்தயத்தில் எப்படி ஓட்டுவது? நீலக் கொடி கண்டவுடன் பதறி ஓரம் போகாதே. உன் கோட்டிலேயே போ. பின்னால் வருகிறவன் வேகமானவன், உன்னைத் தாண்டும் வழியை அவன் பார்த்துக்கொள்வான். நீ எங்கே இருப்பாய் என்று அவனுக்குத் தெரிந்தால் போதும். பிரேக் போடும் இடத்தை அவனுக்காக மாற்றாதே. அவன் தாண்டிய பிறகு அடுத்த இரண்டு வளைவுக்கு அவன் சக்கரத்தையே பார்: எங்கே திரும்புகிறான், எங்கே ஆக்சிலரேட்டர் தொடுகிறான். உன் பழைய வகுப்பில் காசு கொடுத்தாலும் கிடைக்காத பாடம் அது. பந்தயம் முடிந்ததும் முதல் வேலையாக அவனைத் தேடிப் போய்ப் பேசு. நீ எழுதியதைப் பார்த்தால் இந்தத் தடவை கோபத்தில் யாரோடும் பேசாமல் காரை லாரியில் ஏற்றிவிட்டாய் போலிருக்கிறது.

இன்னொன்று. உன் வகுப்பில் போன வருஷம் ஓட்டி, இந்த வருஷம் வராத கோலாப்பூர்ப் பையன் கியர்பாக்ஸ் உடைந்து நிற்கிறான் என்று உன் கடிதத்தில் ஒரு வரி இருந்தது. உங்கள் இரண்டு பேர் காருக்கும் பொருந்துகிற கியர்பாக்ஸ் ஒன்று என் கொட்டகையில் சும்மா கிடக்கிறது, உனக்கு ஸ்பேராகத் தரலாம் என்று வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் டெம்போவை எடுத்துக்கொண்டு வா. மழைக்காலத்துக்கு முன்னாலேயே எண்ணெய் போட்டுச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன், துரு இருக்காது. இரண்டு பேராகத் தூக்க வேண்டும், எனக்கு இப்போது முதுகு வலி. ஏற்றியதும் உன் பட்டறைக்குப் போகாதே, நேரே கோலாப்பூர் பார்சல் ஆபீசுக்குப் போ. வாடகை நான் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அண்ணாச்சி